ராமானுஜம் கப்பலில் வந்த குடும்பங்கள்: சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் எப்படி நினைவில் தங்கியிருக்கிறது?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், பல சமயம் இரண்டு ஊர்ப் பெயர்கள் வரும். முதலில் இலங்கையின் அட்டன், பதுளை, மாத்தளை, இரத்தினபுரி என்று ஒன்று. பிறகு திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று இன்னொன்று. முதலாவது பிறந்து வளர்ந்த இடம். இரண்டாவது, பூட்டனோ தாத்தாவோ பிழைப்புத் தேடிக் கிளம்பிய இடம். அரசாங்க ஏட்டில் அதுதான் சொந்த ஊர். அவர்கள் இப்போது வாழும் நீலகிரி இந்த இரண்டிலும் சேராது.

எப்படி இங்கே வந்தீர்கள் என்று மேலும் கேட்டால் கதை கப்பலுக்குப் போகும். தலைமன்னாரில் ஏறியது, வாந்தியும் மயக்கமுமாகக் கடலைக் கடந்தது, ராமேஸ்வரத்தில் இறங்கியது, மண்டபம் முகாமின் வெயில். இந்திய, இலங்கைப் பிரதமர்கள் 1964இல் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, 1960களின் பிற்பகுதியிலிருந்து 1984 வரை இப்படி இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசு அவர்களுக்குக் கொடுத்த பெயர். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் 'சிலோன்காரங்க'.

இந்தக் குடும்பங்களின் நினைவுகளைப் பெரும்பாலும் சோகக் கதைகளாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவற்றை ஒரு திட்டத்தைப் பற்றிய சாட்சியமாகவும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கோ நுவரெலியாவில் வாழ்ந்தவரும் எங்கோ எட்டியாந்தோட்டையில் வாழ்ந்தவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்றால், அந்த இடத்தில் திட்டம் என்ன செய்தது என்று பார்த்தாக வேண்டும்.

நாடற்றவர்களானது எப்படி

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1820களில் தொடங்கி, முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழக மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனார்கள். ஆரம்ப காலத்தில் படகில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. அந்த வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின், அதாவது இலங்கை மலைத் தோட்டங்களின் இந்தத் தமிழர்களின், 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்து போனது அந்தப் பாதையை நினைத்துத்தான்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததற்கு ஆவணம் காட்டச் சொன்னார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், பிறந்து லயத்தில் செத்த மனிதர்களிடம் அப்படி என்ன ஆவணம் இருக்கும்? 1949இல் வாக்குரிமையும் போனது. அதே ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது. அதன்படி விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினருக்கே குடியுரிமை கிடைத்தது. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 நாடற்றவர்களைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கே பேச்சுவார்த்தையில் இடம் இல்லை.

ஏழுக்கு நாலு

15 ஆண்டுகளில் முடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 7 பேர் இந்தியாவுக்கு என்றால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, இது விகிதம். 1971இல் இலங்கை அரசு தன் சட்டத்தைத் திருத்தி இந்த விகிதத்தை இன்னும் இறுக்கியது. இந்தியா குடியுரிமை கொடுத்தால் மட்டும் போதாது. 7 பேர் உண்மையிலேயே கப்பலேறிப் போனால்தான் 4 பேருக்கு இலங்கையில் குடியுரிமை என்றாகிவிட்டது. ஒரு தோட்டத்தில் ஒரு குடும்பம் மூட்டை கட்டுவதற்காகப் பக்கத்து லயத்துக் குடும்பம் காத்திருக்க வேண்டிய நிலை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. தோட்டத்து மக்களுக்கு இடையே இருந்த உறவையே இரண்டு அரசுகளும் ஒரு தராசில் போட்டுவிட்டன.

இந்தியா வேண்டும் என்று விண்ணப்பித்தவர்களின் தொகை, இந்தியா ஏற்றுக்கொண்ட எண்ணிக்கையைத் தொடவேயில்லை. மக்களில் பெரும்பாலோர் இலங்கையையே கேட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிறகு ஏன் இத்தனை பேர் வந்தார்கள்? 1973, 74இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான சமயத்தில் பல இடங்களில் தமிழர்கள் விரட்டப்பட்டார்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயங்கள் எரிந்தன. இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் தயங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

குடும்பம் குடும்பமாக விண்ணப்பம் என்றாலும், வயது வந்த பிள்ளைகளுக்குத் தனி விண்ணப்பம். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை. அப்பா அம்மா இந்தியா, கட்டிக்கொடுத்த மகள் இலங்கை. இப்படி உடைந்த குடும்பங்களுக்குக் கணக்கே இல்லை. இந்திய பாஸ்போர்ட் வந்ததும் விசாவில் நாள் குறிக்கப்பட்டுவிடும். நாள் கடந்தும் தங்கியிருந்தால் வெளியேறச் சொல்லி அறிவிப்பு வரும், போலீஸ் பிடிக்கும். மூத்தவர்கள் கப்பலைப் பற்றிப் பேசும்போது கடலைவிட ரயில் நிலையத்தைப் பற்றியே அதிகம் பேசுவது இதனால்தான். அட்டனிலும் நானுஓயாவிலும் கண்டியிலும் கோச்சி கிளம்பும்போது மேடை முழுக்க ஒப்பாரி. எழவு வீட்டில் பாடும் அதே பாட்டை உயிரோடு போகிறவர்களுக்குப் பாடினார்கள். இனி ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. பலருக்கு அது அப்படியே ஆனது.

கடல், கரை, முகாம்

மலையிலிருந்து இறங்கும் ரயில் பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போகும். அங்கே சுங்கச் சோதனை. நகைக்கும் பணத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு குடும்பம் எடுத்துப்போகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. மூன்று, நான்கு தலைமுறை உழைப்பின் சேமநிதியும் பணிக்கொடையும் அந்த வரிக்குள் அடங்க வேண்டியிருந்தது.

கப்பலின் பெயர் ராமானுஜம். முன்பெல்லாம் இந்தக் கப்பல் பாதை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து ரயில், நடுவில் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே சீட்டில் போய்வந்த காலம் அது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அதனால்தான் இந்தக் குடும்பங்களின் நினைவில் இந்தியா என்றால் முதலில் ராமேஸ்வரம் கோயில் கோபுரம்.

கடல் தூரம் அதிகமில்லை. சில மணி நேரம்தான். ஆனால் அதற்கு முன் கடலையே பார்த்திராத மலைநாட்டுப் பெண்கள், கைக்குழந்தைகளோடு, தகரப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தார்கள். பெட்டிக்குள் சேலைகள், தேயிலைத் தூள், ராணி சோப்பு. கொஞ்சம் வசதியான வீடு என்றால் ஒரு ரேடியோ, ஒரு தையல் மெஷின். கரையில் இவற்றுக்காகவே காத்திருந்தவர்கள் இருந்தார்கள். பணம் மாற்றித் தருகிறேன், பெட்டியைத் தூக்கித் தருகிறேன், நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சுற்றி வளைத்தவர்களிடம் ஏமாந்த கதை இல்லாத குடும்பம் அரிது. வந்து இறங்கிய முதல் மணி நேரத்திலேயே இந்தியாவைப் பற்றி அவர்கள் தெரிந்துகொண்டது இது.

அங்கிருந்து மண்டபம் முகாம். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் இது. தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசி போட்டு, துணிகளைக் கிருமிநாசினியில் முக்கி அனுப்பிய இடம். பாட்டன்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். 1970களில் பேரன்கள் இதே இடத்துக்கு வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகு போரில் தப்பி வந்த அகதிகளுக்கும் இதுவே முகாமானது. இன்றும் அங்கே அகதிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே மணல்வெளி, மூன்று காலம். பாக் நீரிணையைக் கடந்த தமிழ் உழைப்பாளிகளின் வரலாற்றுக்கு ஒரு நினைவகம் வேண்டும் என்றால், அதற்கு மண்டபத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அங்கே அப்படி ஒரு முயற்சி பெரிதாக நடக்கவில்லை என்பது வருத்தம்.

குடும்ப அட்டையில் எழுதியிருந்தது

இந்தக் குடும்பங்கள் எதை மறந்தாலும் ஒன்றை மறப்பதில்லை: குடும்ப அட்டை. கண்டியிலிருந்தே கொடுக்கப்பட்ட அந்த அட்டையில் குடும்பத்தார் பெயர்களோடு, அவர்களுக்கு இந்தியாவில் என்ன மறுவாழ்வு உதவி, எந்த இடம் என்பதும் இருக்கும். சிலருக்கு அரசுத் தேயிலைத் தோட்டம். சிலருக்கு நூற்பாலை வேலை. கன்னியாகுமரியில் அரசு ரப்பர்த் தோட்டம். கேரளத்தில் புனலூர்ப் பக்கமும் கர்நாடகத்தில் புத்தூர், சுள்ளியா பக்கமும் ரப்பர். கொஞ்சம் பேர் நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவு வரை அனுப்பப்பட்டார்கள். ஆனால் பெரும்பாலான அட்டைகளில் இருந்தது 'வணிகக் கடன்'. சில ஆயிரம் ரூபாயைத் தவணைகளில் வாங்கிக்கொண்டு, பூர்வீக மாவட்டத்தில் ஒரு சிறு கடை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

எல்லாக் கதைகளும் சறுக்குவது இங்கேதான். தோட்டத் தொழிலாளிக்கு வீடு தோட்டத்துடையது. அரிசி தோட்டத்துக் கணக்கில் வரும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மருந்து, பிள்ளைமடுவம் (குழந்தைகள் காப்பகம்) எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்ப் பெயர் கொடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்து, மாத முடிவில் சம்பளம். அது கொடுமையான அமைப்பு, சந்தேகமே இல்லை. அந்த அமைப்புக்குள் வாடகைக்கு வீடு பிடிக்கவோ, மொத்த விலையில் சரக்கு எடுக்கவோ, கடன் கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்லவோ ஒருவருக்கும் பழக்கம் வந்திருக்க வழியில்லை. இப்படிப்பட்டவர்களிடம், ஏற்கனவே வறண்டு கிடந்த புதுக்கோட்டைக் கிராமத்தில் போய்ப் பெட்டிக்கடை வை என்றார்கள்.

இதே காலத்தில் பர்மாவிலிருந்தும் பெருங்கூட்டமாகத் தமிழர்கள் கப்பலில் சென்னைக்கு வந்தார்கள். 1960களில் ராணுவத் தலைவர் நே வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியதால் வந்தவர்கள் அவர்கள். அவர்களில் வணிகம் தெரிந்தவர்கள் நிறைய. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் உருவானது அவர்களால். வணிகக் கடன் அவர்களில் பலருக்குப் பயன்பட்டது. இரு தரப்பினருக்காகவும் 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. பர்மாவிலிருந்து வந்த கடைக்காரருக்குப் பொருந்திய அளவுச் சட்டையைப் பதுளையிலிருந்து வந்த கொழுந்து பறிப்பவருக்கும் மாட்டிவிட்டார்கள் என்பதே என் கணிப்பு. கடன் தொகையில் ஒரு பங்கு இடைத்தரகரிடம் போனது, ஒரு பங்கு சாப்பாட்டுக்கே கரைந்தது, கடை சில மாதங்களில் மூடியது. கடன் மட்டும் ஏட்டில் இருந்தது.

சாதியைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. வந்தவர்களில் பெரும்பகுதியினர் பட்டியல் சாதியினர். தோட்டத்திலும் சாதி இருந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே லயம், ஒரே குழாய், ஒரே பெரட்டு. 'சொந்த ஊர்' என்று போய் இறங்கியபோது, பூட்டன் எந்தச் சேரியை விட்டு ஓடினாரோ அதே சேரிக்கே அனுப்பப்பட்டார்கள். நிலம் இல்லை, உறவுகள் முகம் தெரியாதவர்கள், இருக்கும் கொஞ்சத்தையும் பங்கு கேட்க வந்தவர்கள் என்ற பயம் அந்த உறவுகளுக்கு. வெயில் வேறு. குளிரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் கோடையில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்ததைச் சொல்லாத தாய்மார்கள் குறைவு.

தாங்களே தேடிக்கொண்ட மலை

பிறகு நடந்ததை எந்த அரசுத் திட்டமும் எதிர்பார்க்கவில்லை. கடை நொடித்தவர்கள், வேலை கிடைக்காதவர்கள், அட்டையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நீலகிரிக்கு ஏறினார்கள். அங்கே குளிர் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, கைக்குத் தெரிந்த வேலை இருக்கிறது என்ற செய்தி ஒருவர் வாய்வழியாக மற்றவருக்குப் போனது. மச்சான் போனார், பின்னால் சித்தப்பா போனார், ஒரு தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து லயத்தில் இருந்தவர்கள் கோத்தகிரிச் சரிவில் மறுபடி பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் வாழத் தொடங்கினார்கள். படுகர் விவசாயிகளின் தேயிலை, காய்கறித் தோட்டங்களிலும் தனியார் எஸ்டேட்டுகளிலும் வேலை செய்தார்கள். புறம்போக்கில் வீடு கட்டினார்கள்.

எல்லா மலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கொடைக்கானல் மலைக்கு வாட்டில் மரப் பட்டை உரிக்கக் கூட்டிப்போகப்பட்டவர்களில் பலர், முன்பணக் கடனுக்குள் சிக்கிக் கொத்தடிமைகளாக இருந்தது 1980களில் வெளியே வந்தது. கங்காணியின் முன்பணத்தில் தொடங்கிய வாழ்க்கை, கடல் தாண்டி வந்தும் இன்னொருவரின் முன்பணத்தில் மாட்டிக்கொண்டது.

ஓரளவு நிலைத்தவர்கள் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், அதாவது டான்டீயில், வேலை கிடைத்தவர்கள். 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கிய இந்தத் திட்டம் 1970களின் நடுவில் தனிக் கழகமானது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், நடுவட்டம், கோத்தகிரி, வால்பாறை என்று பரவியது. தெரிந்த வேலை, மாதச் சம்பளம், குடியிருக்க லயம், பிள்ளைகளுக்குப் பள்ளி. மறுவாழ்வு என்று சொல்லத்தக்க அளவுக்கு நடந்தது இங்கேதான். ஆனால் சில ஆயிரம் குடும்பங்களுக்கு மேல் அங்கே இடமில்லை. இன்னொரு உண்மையும் உண்டு. காட்டை வெட்டித்தான் இந்தத் தேயிலை நடப்பட்டது. பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகள் நடமாடிய காடு அது. நிலமற்ற ஒரு கூட்டத்துக்கு வழிசெய்ய இன்னொரு கூட்டத்தின் காலடி நிலத்தை எடுத்தார்கள். இரு தரப்பாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்த மலைகளில் இருட்டிய பிறகு இலங்கை வானொலியின் ஒலிபரப்பு பல ஆண்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தது. விட்டு வந்த ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய வேறு வழி இல்லை. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்களுக்கு அக்கா செத்த செய்தி ஆறு மாதம் கழித்து, அடுத்த கப்பலில் வந்த யாரோ சொல்லித்தான் தெரியும்.

கப்பல் நின்ற பிறகு

1984இல், போர் மூண்ட நிலையில், கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட் வாங்கியும் கிளம்பாதவர்கள், விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் என்று பெரும் எண்ணிக்கையினர் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களது சிக்கலைத் தீர்க்க 1988இலும் 2003இலும் இலங்கை நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. ஒப்பந்தம் போட்டு 39 ஆண்டுகள் கழித்து, எஞ்சியிருந்தவர்கள் இலங்கைக் குடிமக்களானார்கள்.

இந்தப் பக்கம் இன்னொரு முடிச்சு விழுந்தது. 1983க்குப் பிறகு படகில் தப்பி வந்தவர்களில் மலையகத் தமிழர்களும் கணிசமாக இருந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் இந்தியக் குடிமக்கள். படகில் வந்ததால் அகதிகள். பூட்டன் ஒருவராகவே இருந்தாலும் இதுதான் நிலைமை. மண்டபம், திருச்சி கொட்டப்பட்டு முகாம்களில் இருந்த இத்தகைய சிலர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்களது விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை.

கப்பலில் வந்து குடிமக்களானவர்களுக்கோ இன்று நிலம்தான் பிரச்சினை. கூடலூர்ப் பகுதியில் ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற நிலவுரிமை) ஒழிப்புச் சட்டம் 1969இலேயே இயற்றப்பட்டும், அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்கள் யாருக்கு என்பது தீராத வழக்கு. அந்த நிலத்தில் வீடு கட்டிய குடும்பங்கள் பட்டா இல்லாமல், பலர் மின் இணைப்பும் இல்லாமல் பல பத்தாண்டுகளைக் கழித்தார்கள். டான்டீ நட்டத்தில் ஓடியதால், அதன் தேயிலைப் பரப்பில் 2,000 ஹெக்டேருக்கும் அதிகமானதை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் தமிழக அரசு முடிவு செய்தது. ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் கழகக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையும் வந்தது. 20 வயதில் கப்பலேறி வந்து, 35 ஆண்டுகள் கொழுந்து பறித்து, 70 வயதில் மறுபடியும் எங்கே போவது என்று கேட்க வேண்டிய நிலையில் அவர்கள் நின்றார்கள். போராட்டங்களுக்குப் பிறகு, அவர்களுக்கு வீடு கட்டித் தருவதாகவும் அவர்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகையைத் தானே ஏற்பதாகவும் அரசு அறிவித்தது. எத்தனை பேருக்கு, எந்த ஊரில், யார் பெயரில் பட்டா என்பதைத்தான் தொழிற்சங்கங்கள் எழுத்தில் கேட்டன.